ஃப்ரோடோவைச் சொதப்பினவன் என்று சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிடித்த ஃபேன்டசி நாவலில் மறக்க முடியாத காட்சியைக் கேட்டார்கள். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முடிவில், வைத்திருப்பவன் மனசையே பிடித்துக்கொள்ளும் தீய மோதிரத்தை அழிக்க எரிமலைவரை சுமந்துபோன ஃப்ரோடோ, அதை நெருப்பில் போட மறுக்கும் இடத்தைச் சொன்னேன். "கடைசியில சொதப்பினவன்லாம் ஒரு ஹீரோவா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அங்கே எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதனால் இங்கே சொல்கிறேன்.

அவன் சொதப்பவில்லை. செப்டம்பரில் வீட்டை விட்டுக் கிளம்பியவன், மார்ச் 25 அன்று அந்த எரிமலைக்குள் போய் நிற்கிறான். அதற்கு முந்தைய பக்கங்களைப் படித்தீர்களா? அவ்வளவு தூரம் சுமந்து வந்த சமையல் சட்டிகளை, கூடவே வந்த தோழன் சாம் ஒரு பிளவுக்குள் வீசுகிறான். அவை உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவு மணி மாதிரிக் கேட்கிறது. இனி சமைக்கப் போவதில்லை, திரும்பப் போவதும் இல்லை. சாப்பாட்டின் ருசி, தண்ணீர், மரம், புல், பூ எதுவுமே நினைவில் வரவில்லை என்கிறான் ஃப்ரோடோ. அப்புறம் நடக்க முடியாமல் தவழ்கிறான். சாம் அவனை முதுகில் தூக்குகிறான். கனக்கும் என்று பயந்தால், கனக்கவே இல்லை. அந்த அளவுக்குத் தேய்ந்து போனவனிடமா கடைசி ஒரு நிமிடத்துக்குக் கணக்குக் கேட்கிறீர்கள்?

"மோதிரத்துக்காகவே பின்னால் வந்த கோல்லம், ஃப்ரோடோ விரலைக் கடித்து மோதிரத்தோடு தவறி விழுந்தான், அது அதிர்ஷ்டம்தானே" என்பீர்கள். இல்லை. கோல்லம் அதுவரை உயிரோடு இருந்ததே, முன்பு மோதிரத்தை வைத்திருந்த பில்போவும், ஃப்ரோடோவும், கடைசியில் சாமும் இரக்கப்பட்டு அவனைக் கொல்லாமல் விட்டதால்தான். 2003-இல் வந்த படத்தில் விரல் போன பிறகும் ஃப்ரோடோ அவனோடு மல்லுக்கட்டுவான், அதில்தான் கோல்லம் விழுவான். நாவலில் அது கிடையாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பேச வராதீர்கள். இது ஒழுக்கத் தோல்வி இல்லை என்று டோல்கீனே 1963-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்க்களத்தில் நின்றவர் அவர். மனிதன் எவ்வளவுதான் தாங்குவான் என்று அவருக்குத் தெரியும்.

"ஒரு கதைக்குப் போய் இவ்வளவு கோபமா?" சரி, சொல்லிவிடுகிறேன். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பத்தாவை அம்மா ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டார். புண் வந்துவிடக் கூடாதென்று ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து புரட்டிப் படுக்க வைப்பார். அப்பத்தா சாவதற்கு இரண்டு நாள் முன்னால், மூன்றாவது முறை சேலை மாற்றும்போது, "இன்னும் எத்தனை நாளைக்கு என் உசுர வாங்குவீங்க" என்று கத்திவிட்டார். ஒரே ஒரு தடவை. பதினாறாம் நாள் பந்தியில் அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எங்கம்மாவத் திட்டியே அனுப்பிட்டா."

அந்த ஒன்பது வருஷத்தைப் பற்றி அங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இலை போட்டுக்கொண்டே போனார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு நின்ற நானும் ஒரு வார்த்தை பேசவில்லை.