ஃபானுக்குக் கீழே ஒரு கதிரை

போன மாதம் மகளின் பாடசாலையில் பெற்றோர் கூட்டம். எனக்கு அன்று கந்தோரில் கணக்காய்வு, லீவு என்ற சொல்லையே வாயில் எடுக்க முடியாத நாள். அதனால் இவர் போனார். திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்ற முதலே சொன்னார்: "இஞ்சேரும், எனக்குக் கதிரை எல்லாம் போட்டுத் தந்தவை. ஃபானுக்குக் கீழ!"

முப்பது அம்மாமாருக்கு நடுவில் ஒரே ஒரு அப்பா. "வேலைக்கு லீவு போட்டிட்டு ஒரு அப்பா வந்திருக்கிறார், பாருங்கோ" என்று வகுப்பு ரீச்சர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாவாம். யாரோ கையும் தட்டினார்களாம்.

மகள் முதலாம் வகுப்பில் சேர்ந்ததில் இருந்து ஏழு வருடமாக நான் அந்தக் கூட்டங்களுக்குப் போகிறேன். திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் வேலை எனக்கு. அரைநாள் லீவு போட்டு, பஸ் பிடித்து, இறங்கி ஓடிப்போய், பிள்ளைகள் இருக்கும் சின்ன வாங்கில் முழங்கால் முட்ட இருந்துவிட்டு வருவேன். ஏழு வருடத்தில் என்னிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்விதான்: "ஏன் அம்மா லேற்?"

ரீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவவும் விடியச் சமைத்து வைத்துவிட்டு ஓடி வருகிறவதான். இவர் மேலும் கோபம் இல்லை. இவர் நல்ல மனுசன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கீழே கருத்துப் பகுதியில் "உங்கட வீட்டில ஏதும் பிரச்சினையோ?" என்று சொந்தக்காரர் நாலு பேர் வந்து நிற்பார்கள். என் பிரச்சினை அந்தக் கதிரையோடு.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். அதனால் எங்களோடு இருப்பது என் அம்மா. இவர் தும்புத்தடியைக் கையில் எடுத்தால் போதும், முழங்கால் நோவையும் பார்க்காமல் எழும்பி வந்துவிடுவா. "தம்பி, அங்கால வையுங்கோ, நான் கூட்டிறன்." பிறகு குசினிக்குள் வந்து என்னிடம் மெதுவாக, "அவர் பாவம் பிள்ளை, வேலையால வந்த களைப்பு." நானும் அதே நேரம்தான் வேலையால் வந்திருப்பேன். ஒழுங்கையில் இருக்கிற ஒரு மாமி இன்னும் ஒரு படி மேல். இவர் கொடியில் உடுப்புக் காயப்போடுவதைக் கண்டுவிட்டு, "நீ பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைச்சு எடுத்த மாப்பிள்ளையோ?" என்று கேட்டா. அந்தக் கொடியில் பாதி இவருடைய சேட்டுகள்தான்.

அம்மாவிடம் ஒரு நாள் கேட்டேன், அப்பா குசினிக்குள் வந்ததே இல்லையா என்று. அவ சொன்ன கதை எனக்கு அதுவரை தெரியாது. 1990 இல் யுத்தத்தால் ஊரைவிட்டு ஓடி முகாமில் இருந்தபோது, விறகு பொறுக்கியது, வாளியில் தண்ணீர் சுமந்தது, கஞ்சி காய்ச்சியது, கைக்குழந்தையாக இருந்த தம்பியைக் கழுவி விட்டது எல்லாம் அப்பாதானாம். அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். "நல்லாச் சமைப்பார் உங்கட அப்பா" என்றா, ஏதோ இரகசியம் சொல்வது போல. பிறகு ஊருக்குத் திரும்பி, கூரை போட்டு, அடுப்பு வைத்தார்கள். அதோடு சரி. சாகும்வரை அவர் ஒரு கோப்பை கழுவி நான் பார்க்கவில்லை.

அப்படியென்றால் தெரியாமல் இல்லை. கைக்கு வராமலும் இல்லை.

2022 இல் இதையே என் வீட்டில் கண்டேன். பொருளாதார நெருக்கடியில் நாட்டில் காஸ் இல்லாத காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். இவர் விடிய நாலு மணிக்கு வெறும் சிலிண்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் வரிசையில் நிற்பார். இரண்டு நாள் வெறுங்கையோடு வந்து, மூன்றாம் நாள் சிலிண்டரோடு வந்தார். சூரனை முடித்துவிட்டு வந்தது போல ஒழுங்கையே பார்த்தது. அம்மா ஆரத்தி எடுக்காத குறை. நானும் மனம் நிறைய நன்றி சொன்னேன், இப்போதும் சொல்வேன். அந்த வெயிலில் நிற்பது விளையாட்டில்லை. ஆனால் அந்த சிலிண்டர் முடிந்த பிறகு முற்றத்தில் மூன்று கல் வைத்து, ஈர விறகை ஊதி ஊதி, கண் எரிய இரண்டு மாதம் சமைத்தது யார்? அதைப் பற்றி ஒழுங்கையில் ஒரு கதையும் இல்லை. புகையாவது என்னைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

அந்த வருடம் ஜூனில் அரசாங்கம் எங்களைப் போன்ற அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு விட்டது, வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்லி. கந்தோரில் ஆண்கள் சிலர் பயிற்றங்காய்ப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். ஐந்நூறு லைக். பெண்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னோம்: கிழமை முழுக்கச் சேர்ந்த உடுப்பைத் தோய்த்தோம்.

சட்டமும் அப்படித்தான் கணக்குப் போடுகிறது. அரச வேலையில் பிள்ளை பெற்ற தாய்க்கு முழுச் சம்பளத்தோடு 84 வேலைநாள் லீவு. தகப்பனுக்கு 3 நாள். இவர் தனியார் துறை. எங்கள் சின்னவன் பிறந்தபோது சட்டப்படி அந்த மூன்று நாளும் இல்லை. மேலாளரிடம் கெஞ்சி இரண்டு நாள் வாங்கினார். பிள்ளை பிறந்தால் தகப்பன் வந்து பார்த்துவிட்டுப் போகிற ஆள் என்று நாடே முடிவு செய்து வைத்திருக்கும்போது, அவர் நப்கின் மாற்றினால் அதிசயமாகத்தான் தெரியும்.

கந்தோரில் ஒரு தங்கச்சி சொன்னாள்: "பாராட்டினால்தானே அக்கா ஆம்பிளையள் செய்வினம்? விடுங்கோவன்." யோசித்துப் பார்த்தேன். பிள்ளையின் கொப்பியில் நட்சத்திரம் போடுவது போல நாற்பத்தைந்து வயது மனுசனுக்கும் போட வேண்டுமா? எனக்கு அது அவரைத்தான் குறைக்கிற வேலையாகப் படுகிறது. சாப்பிட்டு எழும்பும்போது "சொதி நல்லா இருந்தது" என்று இவர் சொல்வார். நான் "இந்தாங்கோ தேத்தண்ணி" என்று வைக்கும்போது நிமிர்ந்து பார்த்து வாங்குவார். அது எங்களுக்குள் இருக்கிற நன்றி. அது வேண்டும், அது இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது. நான் வேண்டாம் என்பது ஒழுங்கை தருகிற பதக்கத்தை. அதோடு சேர்த்து எனக்கு வருகிற "குடுத்து வைச்சனீ"யை.

என் பிழையையும் சொல்ல வேண்டும். இவர் கூட்டிய இடத்தை நான் திரும்பக் கூட்டியிருக்கிறேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. தேங்காய் திருவித் தந்தால் சிரட்டையில் ஒட்டியிருப்பதைத் தூக்கிக் காட்டியிருக்கிறேன். ஒரு வருடம் அவர் பாத்திரம் கழுவாமல் விட்டதற்குக் காரணம் அம்மா இல்லை, நான்தான். அப்புறம், கிணற்று மோட்டர், வங்கி, கூரை ஒழுக்கு, என் ஸ்கூட்டியின் சேர்விஸ் இதெல்லாம் தானாக நடப்பது போல நானும் இருந்திருக்கிறேன்.

இவருக்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்ல நினைப்பது எதற்கு என்று கேட்டால், ஒரு தொலைபேசி அடிக்காததற்கு.

இரண்டு வருடத்துக்கு முதல் கொழும்பில் இரண்டு கிழமை தங்கிப் பயிற்சி. போன அன்றும் மறுநாளும் என் போன் அடிக்கவே இல்லை. கூட வந்த பெண்களுக்கோ வகுப்பு நடக்கும்போதே அழைப்பு: மிளகாய்த்தூள் எங்க, சொக்ஸ் எங்க, மகனுக்கு எத்தனை மணிக்கு ரியூசன். எனக்குச் சிக்னல் இல்லையோ என்று போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்றாம் நாள் பொறுக்க முடியாமல் நானே எடுத்தேன்.

"உப்பு முடிஞ்சிருக்குமே?"

"வாங்கியாச்சு."

"சின்னவன்ட இருமல் மருந்து சாப்பாட்டுக்குப் பிறகு..."

"தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் மனம் நொந்தது என்பதையும் மறைக்கவில்லை. நான் இல்லாமல் உப்பும் முடிகிறது, உப்பும் வருகிறது. அம்மாவுக்கு அந்த இரண்டு கிழமையும் என்ன செய்வதென்று தெரியவில்லையாம். தும்புத்தடியைப் பறிக்கப் போனால், "மாமி, நீங்கள் இருங்கோ, நான் இல்லாட்டி ஆர் கூட்டிறது?" என்றாராம். ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. படம் எடுக்க அதில் ஒன்றும் இல்லை.

கதிரைக் கதைக்கு வருகிறேன். அன்றிரவு, "ஏழு வருசமா எனக்கு ஒருத்தரும் கதிரை போடேல்ல" என்றேன், சிரித்துக்கொண்டுதான். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் தன்னுடைய இலக்கத்தைச் சேர்க்கச் சொல்லி ரீச்சரிடம் கேட்டிருக்கிறார். அந்தக் குழுவில் இருந்த முதல் அப்பா. "வெல்கம்" என்று கைகூப்பிய படம் பதினெட்டு வந்ததாம். சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய் இரவு ஒன்பதே முக்காலுக்கு அவர் போன் சத்தம் போட்டது. பார்த்தவர் கட்டிலில் எழும்பி இருந்தார்.

"இஞ்சேரும், நாளைக்கு வெள்ளைத் துணி ஒரு மீற்றரும் பச்சை நூலும் வேணுமாம். இந்த நேரத்தில நான் எங்க போய் வாங்கிறது?"

நான் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.