வான் ஹேலனின் மேல்குரல்

வான் ஹேலன் என்ற அமெரிக்க ராக் குழுவின் பேச்செடுத்தாலே எல்லாரும் எடி வான் ஹேலனின் கிட்டாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பேசட்டும், தகுதியான மனிதர். ஆனால் 1978-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தை முதல் நொடியிலிருந்து போட்டுக் கேளுங்கள். கார் ஹாரன் சத்தம் இழுத்துக்கொண்டே போய் அடங்கும், அப்புறம் தும் தும் தும் என்று ஒரே ஸ்வரத்தில் பேஸ் கிட்டார். அது மைக்கேல் ஆன்டனி. எடி அதற்குப் பிறகுதான் வருகிறார்.

சரி, பேஸைக்கூட விடுங்கள், பாடகருக்குப் பின்னால் உச்சத்தில் சேர்ந்து பாடும் ஆன்டனியின் அந்த மேல்குரலை எப்படி விடுவது? 1985-இல் பாடகர் டேவிட் லீ ராத் போய் சாமி ஹேகர் வந்தார். பாடகர் போனால் பல குழுக்கள் அதோடு படுத்துவிடும், இவர்களோ 1986-இல் '5150' ஆல்பத்தோடு அமெரிக்கப் பட்டியலில் முதல்முறையாக முதலிடம் பிடித்தார்கள். முன்னால் நிற்கிற ஆளே மாறியும் கோரஸ் வந்தவுடன் இது வான் ஹேலன் என்று காதுக்குத் தெரிந்தது என்றால், உச்சத்தில் ஒலித்த ஆன்டனியின் குரலும் அதோடு சேர்ந்த எடியின் குரலும்தான் காரணம் என்பேன்.

1974-இலிருந்து கூடவே இருந்த ஆன்டனியைத்தான் 2006-இல் கழற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் எடியின் மகன் வொல்ஃப்காங். 2007 டூர் தொடங்கியபோது பையனுக்கு வயது 16. ஒரு அப்பாவின் ஆசை எனக்குப் புரிகிறது. எடி, அவருடைய அண்ணனும் குழுவின் டிரம்மருமான அலெக்ஸ் இருவரையும் 1962-இல் நெதர்லாந்திலிருந்து கலிபோர்னியாவுக்கு அழைத்து வந்த அவர்களுடைய அப்பா யான் வான் ஹேலனும் இசைக்கலைஞர்தான், 1982 ஆல்பத்தில் அவரையே கிளாரினெட் வாசிக்க வைத்தார்கள். பையனும் நன்றாகவே வாசித்தான். ஆனாலும் மகனைச் சேர்ப்பதற்காக முப்பது வருடத்துக்கு மேல் தோள்கொடுத்தவரை அனுப்பியதை என்னால் இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

அதே 2007-இல்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம். எடி சிகிச்சையில் இருந்தார், அலெக்ஸ் வரவில்லை, ராத்தும் வரவில்லை. மேடையேறி வாங்கிக்கொண்டவர்கள் அப்போது குழுவிலேயே இல்லாத ஹேகரும் ஆன்டனியும்.

ராத் திரும்பி வந்து 2012-இல் போட்ட ஆல்பத்தில் கிட்டார் பிரமாதம், ஆனால் ஒவ்வொரு கோரஸிலும் என் காது அந்த மேல்குரலைத் தேடியது. 2020 அக்டோபர் 6-இல் எடி இறந்த பிறகு, ஆன்டனியையும் சேர்த்து ஒரு டூர் போகும் யோசனை இருந்ததாக வொல்ஃப்காங்கே சொன்னார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 2015 அக்டோபரில் ஹாலிவுட் பவுலில் நடந்த அவர்களுடைய கடைசிக் கச்சேரியிலும் ஆன்டனி இல்லை.