நாற்பத்தாறு பேருக்குப் பதினெட்டு ரூபாய்

பொங்கலுக்கு மன்னார்குடிப் பக்கம் உள்ள எங்கள் ஊருக்குப் போயிருந்தபோது, சித்தப்பா மகனின் இரண்டு ஏக்கர் சம்பாவை ஆத்தூரிலிருந்து வந்த ஒரு பெல்ட் வண்டி இரண்டரை மணி நேரத்தில் அறுத்துக் கொட்டியதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிறுவயதில் இதே வயலில் இருபது பேருக்கு மேல் அரிவாளோடு இறங்கி, அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றி முடிக்க மூன்று நாளாவது பிடிக்கும். அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதில் எனக்கு வருத்தம் இல்லை. நாள் முழுக்கக் குனிந்து அறுத்தவர்களைக் கேட்டால் அவர்களுக்கும் இருக்காது. ஆனால் அந்த இருபது பேரும் அவர்கள் பிள்ளைகளும் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை தேடாமல், நாட்டின் வளர்ச்சி ஆறரை விழுக்காடா ஏழா என்று இரவெல்லாம் தொலைக்காட்சியில் சண்டை போடுவதில் என்ன பயன் என்று தெரியவில்லை.

இந்தியப் பொருளாதாரத்தை, நூறு உழைப்பாளிகளும் ஆண்டுக்கு நூறு ரூபாய் விளைவும் உள்ள ஓர் ஊராகச் சுருக்கிக்கொள்வோம். 2023-24ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி அவர்களில் 46 பேர் வேளாண்மையிலும் அதைச் சார்ந்த தொழில்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் பங்குக்கு வரும் மதிப்பு ஏறக்குறைய 18 ரூபாய். தலைக்கு 40 காசு கூடத் தேறாது. மற்ற 54 பேர் 82 ரூபாயை உண்டாக்குகிறார்கள்; தலைக்கு ஒன்றரை ரூபாய். இந்த நான்கு மடங்கு இடைவெளியைக் காட்டி உழவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால், அவர் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் உளுந்து பறித்துவிட்டு வந்து பேசட்டும். போக்கிடம் இல்லாததால், ஒருவருக்குப் போதுமான வேலையை இருவரும் மூவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கின் பொருள்.

செயிண்ட் லூசியா தீவில் பிறந்து, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ் 1954இலேயே இதை விளக்கினார். நிலத்தில் தேவைக்கு மேல் தங்கியிருக்கும் உழைப்பு, கூடுதல் விளைவு தரும் தொழில்களுக்கு இடம் பெயர்வதுதான் ஏழை நாடு முன்னேறும் வழி என்பது அவர் வாதம். சீனத்தில் 1978இல் நூற்றுக்கு 70 பேர் வேளாண்மையில் இருந்தார்கள். இன்று கால்வாசிப் பேர்தான் இருக்கிறார்கள். இந்தியாவிலும் அந்த விகிதம் மெல்ல இறங்கி 2018-19இல் 42.5 வரை வந்தது. பிறகு பெருந்தொற்று வந்தது. நகரங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பியவர்களால் 2020-21இல் அது 46.5 ஆனது. தற்காலிகம்தான், திரும்பிவிடுவார்கள் என்றார்கள். 2023-24இலும் அது 46.1.

இதே ஆண்டுகளில் வேலைவாய்ப்பு பெருகிவிட்டதாகவும், குறிப்பாகப் பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்துவிட்டதாகவும் பெருமையோடு சொல்லப்படுகிறது. பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்புச் சந்தையில் இருப்போரின் விகிதம் 2017-18இல் 23.3 ஆக இருந்து 2023-24இல் 41.7 ஆனது உண்மை. ஆனால் ஓர் ஆண்டில் முப்பது நாட்கள் ஒரு வேலையில் ஈடுபட்டிருந்தாலும் அவரை வேலையில் இருப்பவராகச் சேர்த்துக்கொள்வது இந்தக் கணக்கெடுப்பின் வழக்கம். கூலியின்றிக் குடும்பத் தொழிலில் உதவுகிறவர்களும் அதில் சேர்த்திதான். நாட்டின் மொத்த உழைப்பாளிகளில் அவர்களின் பங்கு 13.6 விழுக்காட்டிலிருந்து 19.4 ஆக ஏறியிருக்கிறது. ஊரகத்தில் உழைக்கும் பெண்களில் நான்கில் மூவருக்கு மேல் வேளாண்மையில்தான் இருக்கிறார்கள்.

என் தம்பி மனைவி விடியலில் இரண்டு மாட்டைக் கறந்து, களையெடுத்து, நெல்லைக் காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் காவலும் இருக்கிறாள். அவள் உழைப்பைக் கணக்கில் எழுதுவது நியாயமே. பல காலம் எழுதாமல் விட்டதுதான் பிழை. ஆனால் அவள் கைக்குத் தனியாக ஒரு ரூபாயும் வராத அந்த உழைப்பை, புதிதாக உருவான வேலைவாய்ப்பு என்று மேடையில் சொல்வது வேறு சங்கதி.

தொழிற்சாலைகள் இவர்களை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும். 2022க்குள் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் தொழிற்சாலை உற்பத்தித் துறையின் பங்கை 25 விழுக்காடாக உயர்த்தி 10 கோடி வேலைகளை உருவாக்குவதாக 2011ஆம் ஆண்டின் தேசிய உற்பத்திக் கொள்கை சொன்னது. 2014இல் ஆட்சி மாறியது. மேக் இன் இந்தியா வந்தது. 2020இல் உற்பத்திக்கேற்ற ஊக்கத்தொகைத் திட்டம் வந்தது. உழைப்பாளிகளில் உற்பத்தித் துறையின் பங்கோ 2011-12இல் இருந்த 12.6 விழுக்காட்டிலிருந்து 2023-24இல் 11.4க்கு இறங்கியிருக்கிறது. கட்டுமானம் அதை முந்திவிட்டது. வயலை விட்டவர்களில் பெரும்பகுதியினர் சித்தாளாகவும் கம்பி கட்டுபவராகவும் ஆனார்கள் என்பதே இதற்குப் பொருள். மென்பொருள் துறை நாட்டுக்கு டாலர் ஈட்டித் தருகிறது, சரி. ஆனால் அது வேலை கொடுப்பது நூறில் ஒருவருக்குத்தான்.

தமிழ்நாடு இதில் விதிவிலக்கு என்று நண்பர்கள் சொல்வார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் இங்கே. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் இங்கே. 2024-25இல் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 14.65 பில்லியன் டாலர். கிராமத்துப் பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கி ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் ஷிப்டுக்குப் போவதைச் சாதாரண மாற்றம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாடெங்கும் முறைசார்ந்த தொழிற்சாலைத் தொழிலாளர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் இப்போது ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்கள். முதலீட்டு ஒப்பந்தம் எத்தனை ஆயிரம் கோடிக்கு என்று கேட்கும் நாம், அதில் எத்தனை பேருக்கு நேரடி நியமனம், எத்தனை பேருக்குப் பதினோரு மாத வேலை மட்டும் என்று கேட்பதில்லை.

தம்பியின் மகன் டிப்ளமோ முடித்து, ஒப்பந்தக்காரர் வழியாக ஒரு தொழிற்சாலையில் எட்டு மாதம் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறான். மாதம் கைக்கு வந்தது 14 ஆயிரம். பகிர்ந்துகொண்ட அறையின் வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாம் போக மிஞ்சியது நாலாயிரத்துச் சொச்சம். நிரந்தரமாக்கும் பேச்சே இல்லை என்றான். இப்போது அப்பாவோடு வயலுக்குப் போகிறான். அடுத்த கணக்கெடுப்பில் வேளாண்மைப் பக்கம் அவனும் ஒரு எண். அதே வயலில் புரட்டாசியில் நாற்று நட்டது மேற்கு வங்கத்திலிருந்து குழுவாக வந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்ட பையன்கள். அங்கே அவர்கள் ஊரில் கிடைக்கும் கூலியை விட இங்கே கூடுதலாம். வயலில் ஆள் மிகுதி என்று புள்ளிவிவரம் சொல்கிறது, நடவுக்கு ஆளில்லை என்று தம்பி சொல்கிறான், இரண்டுமே உண்மை.

பெல்ட் வண்டி ஓட்டி வந்தவரிடம், அறுவடை இல்லாத மாதங்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கட்டுமான வேலைக்கு ஜேசிபி, அதுவும் இல்லாதபோது லாரி என்றார். படித்தது பி.காம்.