முகத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காதீர்கள்

போன மாதம் நாத்தனார் மகளின் ரிசப்ஷன், கும்பகோணத்தில். மணப்பெண்ணுக்கு மேக்கப் போட வந்த பார்லர் பெண்ணிடமே பேசி, வீட்டுப் பெண்கள் ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் போட்டுவிட்டார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, கொஞ்சம் ஆசையும்தான், பொய் சொல்வானேன். வருகிற ஆனியில் 58 முடிகிறது, இனி யார் என்னை உட்காரவைத்து அலங்காரம் செய்யப்போகிறார்கள்?

முக்கால் மணி நேரம் பூசினாள். பிரைமர், கன்சீலர், ஃபவுண்டேஷன், அதன்மேல் பவுடர், அந்தப் பவுடரின் மேல் இன்னொரு பவுடர். "ஆன்ட்டி, நீங்க நல்ல கலரு, உங்களுக்கு ரொம்ப ஈஸி" என்று சொல்லிக்கொண்டே பூசினாள். எழுந்து கண்ணாடியில் பார்த்தபோது பரவாயில்லை என்றுதான் தோன்றியது (மூக்குக்கண்ணாடி போடாமல் பார்த்தேன், அதுவும் ஒரு காரணம்). ஒரு மணி நேரம் எல்லோரிடமும் சிரித்துப் பேசி, பந்தியில் உட்கார்ந்து ரசம் குடித்து வியர்த்த பிறகு கை கழுவுகிற இடத்தில் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே இருந்த பவுடர் மொத்தமும் சுருக்கங்களுக்குள் இறங்கி, கோடையில் ஏரி வெடித்த மாதிரி பாளம் பாளமாக நின்றது. கழுத்து என்னுடைய கழுத்து, முகம் வேறு யாருடையதோ.

போன வாரம் ஆல்பம் வந்தது. பிளாஷ் பட்ட படங்களில் என் மூக்கையும் வாயையும் தேட வேண்டியிருக்கிறது. "அம்மா, உன்னை மட்டும் யாரோ ரப்பர் போட்டு அழிச்ச மாதிரி இருக்கும்மா" என்றான் பையன். அழித்த மாதிரி. அந்த வார்த்தைதான் நாலு நாளாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக இந்தப் பதிவு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "இந்த வயசுல எதுக்கு மேக்கப்பு, கோயில் குளம்னு இருக்க வேண்டியதுதானே" என்று கேட்க ஒரு கூட்டம் வரும். கோயிலுக்கும் நான் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டுதான் போகிறேன். மேலே செல்லுங்கள்.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் தொழில் பழகியது 25 வயது முகங்களில். 25 வயதில் முகத்துக்குக் கோடுகள் தானாகவே இருக்கும், புருவம் கறுப்பாக, உதட்டு விளிம்பு தெளிவாக, இமை அடர்த்தியாக. அங்கே தோலைச் சமமாக்கினால் போதும், மீதியை முகமே பார்த்துக்கொள்ளும். என் வயதில் நடப்பது நேர் எதிர். தோலில் சுருக்கம் விழுவதைப் பற்றித்தான் ஊரே பேசுகிறது, ஆனால் அதோடு சேர்ந்து முகத்தின் ஓரங்கள் மங்கிப்போவதை யாரும் பேசுவதில்லை. புருவத்தின் வால் பக்கம் முடி கொட்டுகிறது, இருப்பதும் நரைக்கிறது. இமைமுடி மெலிகிறது. உதட்டின் நிறம் வெளிறி, எங்கே உதடு முடிந்து எங்கே தோல் ஆரம்பிக்கிறது என்பதே சந்தேகமாகிறது. 2013இல் இதைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. 20 முதல் 70 வயது வரையிலான வெள்ளைக்காரப் பெண்களின் படங்களை அளந்து பார்த்ததில், வயது ஏற ஏறக் கண், புருவம், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இருக்கும் நிற வித்தியாசம் குறைந்துகொண்டே வருகிறது என்று கண்டார்கள். இன்னொரு விஷயம், ஒரே முகத்தின் படத்தில் அந்த வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் காட்டினால் பார்க்கிறவர்கள் வயதைக் குறைத்துச் சொன்னார்கள். சுருக்கத்தில் கையே வைக்கவில்லை.

சிவப்பான தோலில் இது இன்னும் மோசம். கறுப்பான என் தங்கைக்கும் நரைத்திருக்கிறது, ஆனால் அவள் சிரித்தால் பல்லும் கண்ணின் வெள்ளையும் பளிச்சென்று எழுந்து நிற்கும். எனக்கோ வெள்ளைத் தோல், வெள்ளை முடி, வெளிறிய உதடு, எல்லாம் ஒன்றாகக் கரைந்து மோர்சாதம் மாதிரி ஆகிவிடுகிறது. அந்த மோர்சாதத்தின் மேல் இன்னும் கொஞ்சம் மோரை ஊற்றினால் என்ன ஆகும், அதுதான் அன்றைக்கு நடந்தது.

நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லாமல் போகக்கூடாது. சின்ன வயதில் இந்த நிறத்துக்காக எனக்குக் கிடைத்த சலுகைகள் கொஞ்சமல்ல, பெண் பார்க்க வந்தவர்கள் தங்கையை உள்ளே இருக்கச் சொன்னதுவரை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. 1975இல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்டு லவ்லி, 2020இல் பெயரிலிருந்து ஃபேரை எடுத்துவிட்டு க்ளோ போட்டுக்கொண்டது, ஆனால் நம் கை இன்னும் பழைய பெயரிலேயே பழகிக்கிடக்கிறது. பார்லரில் ஷேடு எடுக்கும்போது ஒரு படி வெளுப்பாக எடுப்பது அனிச்சையாகவே நடக்கிறது, ஏற்கெனவே வெளுப்பாக இருக்கிற எனக்கும்.

இப்போது தங்கையின் முகம்தான் கூடத்தில் முதலில் கண்ணில் படுகிறது. அவளைவிட நான் நாலு வயதுதான் மூத்தவள், பார்க்கிறவர்கள் பத்து என்கிறார்கள். தோலுக்குக் கறுப்பைக் கொடுக்கிற மெலனின் குறைவான தோல் வெயிலுக்குச் சீக்கிரம் தோற்றுப்போகும், அவ்வளவுதான் விஷயம். 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்த படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 69 வயது லாரி ஓட்டுநர், 28 வருஷம் வண்டி ஓட்டியவர், ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் மட்டும் சுருங்கித் தொங்கி, ஒரே முகத்தில் அப்பாவும் பிள்ளையும் போல. ஜன்னல் கண்ணாடி ஒரு வகைக் கதிரைத் தடுத்தாலும் தோலின் ஆழம்வரை போகிற யூவிஏ கதிரை உள்ளே விட்டுவிடும். நான் 22 வருஷம் திருச்சிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ்ஸில் போய் வந்தவள், பெண்கள் பக்கம் இடது வரிசை, ஜன்னலோரம் உட்கார்ந்தால் வெயில் இடது கன்னத்தில்தான், அதுவும் நம் ஊர் பஸ்ஸில் கண்ணாடியைத் திறந்துவிட்டுத்தான் உட்காருவோம். என் இடது கன்னத்து மங்கு வலது கன்னத்தில் பாதிகூட இல்லை.

சரி, ஆல்பம் வந்த பிறகு நான் என்னென்ன மாற்றினேன் என்று சொல்கிறேன். டாக்டரும் இல்லை, பியூட்டிஷியனும் இல்லை, என் முகத்தை வைத்துப் பழகியது மட்டும்தான்.

பவுடரை நிறுத்தினேன். இது எளிதில்லை, பவுடர் அடிக்காமல் வெளியே போவது எங்கள் தலைமுறைக்குச் செருப்பில்லாமல் போகிற மாதிரி. ஆனால் மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருஷத்திலேயே தோலைத் தொங்கவிடாமல் தாங்கிப் பிடிக்கிற கொலாஜன் என்ற புரதத்தில் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள், எண்ணெய்ப் பசையும் குறைகிறது. எண்ணெய் வழிந்த முகத்துக்குக் கண்டுபிடித்த பவுடரை எண்ணெயே இல்லாத முகத்தில் கொட்டினால் கோட்டுக்குள்தான் போய் உட்காரும். பிளாஷில் முகம் வெளுத்ததும் இதனால்தான், அந்த மெல்லிய வெள்ளைப் பவுடரில் இருக்கும் சிலிகா வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். இப்போது குளித்தவுடன் ஈரம் காய்வதற்குள் ஒரு மாய்ஸ்ச்சரைசர், பத்து நிமிஷம் கழித்து நிறம் கலந்த சன்ஸ்கிரீன். நிறம் கலந்தது என்றால் அயர்ன் ஆக்சைடு சேர்ந்தது, மங்கு இருக்கிறவர்களுக்கு வெறும் சன்ஸ்கிரீனைவிட அதுதான் நல்லது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மங்கைக் கூட்டும். அதுவே எனக்கு ஃபவுண்டேஷன். மங்கு ரொம்பத் தெரிகிற இடத்தில் மட்டும் பீச் நிறக் கரெக்டர் ஒரு பொட்டு வைத்து விரலால் தட்டிவிடுவேன். மங்கின் மேல் நேரடியாக வெளுப்பான கன்சீலரைத் தேய்த்தால் சாம்பல் பூசினாற்போல் ஆகும், செய்து பார்த்துத்தான் சொல்கிறேன். மங்கு போக மருந்துக்கடையில் அவர்களாகவே எடுத்துக் கொடுக்கிற கிரீமை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள், பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், ஏற்கெனவே மெலிந்த தோலை அது இன்னும் மெலிய வைக்கும்.

இதில் மிச்சமான நேரம் முழுவதும் இப்போது புருவத்துக்கும் உதட்டுக்கும் போகிறது.

தொண்ணூறுகளில் த்ரெட்டிங் என்ற பெயரில் நூல் மாதிரி புருவம் வைத்துக்கொண்ட தலைமுறை நாங்கள். அப்போது பிடுங்கியதில் பாதி திரும்ப முளைக்கவே இல்லை. கறுப்புப் பென்சில் வேண்டாம். கறுப்பு தலைமுடிக்கு அது சரி, நரைமுடிக்குக் கீழே சிவந்த முகத்தில் கறுப்புப் புருவம் என்றால் கூத்துக்காரன் வேஷம். சாம்பல் கலந்த பழுப்பு ஒன்று கிடைக்கிறது, அதால் முடி முடியாகச் சின்னக் கோடு போட்டு வால் பக்கத்தை முடித்தால் போதும், முகம் தூக்கி நிறுத்தினாற்போல் ஆகிவிடுகிறது. ஒன்றே ஒன்றுதான் போடலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் நான் புருவத்தைத்தான் எடுப்பேன், லிப்ஸ்டிக்கைக்கூட விட்டுவிடுவேன்.

கண்ணுக்குள் மை இழுப்பதை விட்டது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்துக் காயவைத்துத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த தட்டில் படிந்த கரியை வழித்து அம்மா செய்து வைத்த மை. ஆனால் மேலிமை தொங்கிக் கண் சின்னதான பிறகு கீழே கறுப்பாக இழுத்தால் கண் இன்னும் மூடிக்கொள்கிறது, பதினோரு மணிக்கெல்லாம் அது வழிந்து கருவளையமாகவும் ஆகிறது. இப்போது மேலிமை முடியின் வேரில் மட்டும் அடர் பழுப்பு, மெல்லிதாக. அதையும் கண்ணை மூடி இழுக்காமல், திறந்து நேராகப் பார்த்தபடி புள்ளி புள்ளியாக வைக்கிறேன், மூடிய கண்ணில் போட்ட அழகெல்லாம் திறந்தால் மடிப்புக்குள் போய்விடுகிறது. இதில் பெரிய எதிரி வெள்ளெழுத்து. கண்ணாடி போட்டால் மை போட முடியாது, கழற்றினால் கண்ணே தெரியாது. உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்று வாங்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். பாத்ரூம் எல்இடி வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குவது பெரிய ஆபத்து.

உதட்டுக்கு வருகிறேன். வயதானவர்களுக்கு நியூட் ஷேடுதான் டீசன்ட் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சிவப்பான தோலில் தோல் நிற லிப்ஸ்டிக் போட்டால் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி இருக்கும். பழைய அடர் மெரூனும் இப்போது ஒத்துவரவில்லை, மெலிந்த உதட்டை அது இன்னும் மெலிதாக்குகிறது. ரோஜா, செங்கல் சிவப்பு, தக்காளிச் சிவப்பு, இவை மூன்றும் எனக்கு உயிர் கொடுக்கின்றன. மேட் வேண்டாம், காய்ந்து செதில் எடுக்கும். க்ரீம் லிப்ஸ்டிக் உதட்டுக்கு மேலே இருக்கும் கோடுகளில் ஓடும்தான், முதலில் அதே நிறப் பென்சிலால் கரை கட்டிவிட்டால் ஓடாது. அதே லிப்ஸ்டிக்கில் ஒரு தீற்று எடுத்துக் கன்னத்தில், முன்பு வைத்த இடத்துக்கு ஒரு விரற்கடை மேலே.

இதெல்லாம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மாச்சி நினைவுக்கு வந்தாள். பவுடர் டப்பாவைத் தொட்டதே இல்லை. 70 வயதிலும் நெற்றியில் காலணா அளவு குங்குமம், வெற்றிலை போட்டுச் சிவந்த வாய், கண்ணில் மை, இரண்டு பக்கமும் மூக்குத்தி. தோல் முழுவதும் சுருக்கம், ஆனால் களையான முகம் என்று ஊரே சொல்லும். தாத்தா போன பதினாறாம் நாள் பொட்டை எடுத்தார்கள், மூக்குத்தியை எடுத்தார்கள், வெற்றிலையை அவளே விட்டுவிட்டாள். ஒரே மாதத்தில் பத்து வயது கூடின மாதிரி ஆனாள். துக்கம் என்று அப்போது நினைத்தேன். துக்கம்தான், ஆனால் அழித்ததும் உண்டு. ரப்பர் போட்டு அழித்த மாதிரி என்று பையன் சொன்னானே, அதை இங்கே ஊர் கூடிச் சடங்காகவே செய்துவந்திருக்கிறது.

பொட்டு வைக்கிறவர்களுக்கு ஒன்று: ஸ்டிக்கர் பொட்டின் பசையில் இருக்கும் ஒரு ரசாயனம் சிலருக்கு அந்த இடத்தில் நிறத்தையே எடுத்துவிடும். நல்ல நிறமாக இருக்கிறவர்களுக்கு அந்த வெள்ளைத் தழும்பு சட்டென்று கண்ணில் படாது, அதனால் வருஷக்கணக்கில் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். அரித்தாலோ வெளுத்தாலோ நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முந்தாநாள் சித்தியைப் பார்க்க உறையூர் போயிருந்தேன். 79 வயது, எங்கள் வீட்டிலேயே நல்ல நிறம் அவள்தான், சித்தப்பா போய் ஆறு வருஷம். ஆல்பத்தைக் காட்டினேன், இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் சும்மா விளையாட்டுக்கு என் பையைத் திறந்து அவள் புருவத்தில் பழுப்புப் பென்சிலால் நாலு கோடு, உதட்டில் ரோஜா நிறம் தொட்டும் தொடாமலும், கடைசியில் ஒரு சின்ன மெரூன் பொட்டு வைக்கப் போனேன். கையைத் தட்டிவிடுவாள் என்று நினைத்தேன். தட்டவில்லை, மருமகள் அடுப்படியில் இருக்கிறாளா என்று மட்டும் எட்டிப் பார்த்தாள். வைத்துவிட்டுக் கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"தள்ளிப் பிடிடீ, வெள்ளெழுத்து" என்றாள். தள்ளிப் பிடித்தேன். கை வலிக்க வலிக்கப் பிடித்துக்கொண்டே நின்றேன், அவள் போதும் என்று சொல்கிற மாதிரி தெரியவில்லை.