வெள்ளை வால் பறவைக்குக் ‘கருவாலன்’ என்று பெயர்

பறவைப் படம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தமிழ்ப் பெயரை எழுதிவிட்டு, அடியில் அறிவியல் பெயரையும் ஒரு வரி சேர்த்துவிடுவோம், ஆதார் எண் மாதிரி. நானும் அப்படித்தான். அர்த்தம் கேட்டால் விழிப்பேன்.

போன ஜனவரியில் மாட்டிக்கொண்டேன். பழவேற்காட்டில் படகுக்குப் பின்னால், ஆங்கிலத்தில் ‘சீகல்’ என்கிற கடற்காகங்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தன. கூட வந்த நண்பரின் மகள் ஆறாவது படிக்கிறாள். கையேட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மாமா, பழுப்புத்தலைன்னு போட்டிருக்கு, தலை வெள்ளையா இருக்கே?” என்றாள். உண்மைதான். நம் கரைக்கு வரும் குளிர்காலத்தில் அதற்குத் தலை வெளுத்து, காதுக்குப் பின்னால் மையைத் தொட்டு வைத்தாற்போல ஒரு பொட்டு மட்டும் இருக்கும். லடாக், திபெத் ஏரிகளில் முட்டையிடும் காலத்தில்தான் தலை முழுக்கப் பழுப்பு. இதைச் சொல்லிச் சமாளித்தேன். “அப்போ இந்தப் பெரிய பேருக்கு என்ன அர்த்தம்?” என்றாள். அங்கே நின்றுவிட்டது வண்டி.

வீட்டுக்கு வந்து தேடினேன். அந்தப் பழுப்புத்தலைக் கடற்காகத்தின் அறிவியல் பெயர் குரோயிகோசெபாலஸ் புரூனிசெபாலஸ். முதல் பாதி பேரினப் பெயர், மறு பாதி இனப் பெயர். குரோயிகோசெபாலஸ் என்றால் கிரேக்கத்தில் ‘நிறமேறிய தலை’. புரூனிசெபாலஸ் என்றால் ‘பழுப்புத் தலை’. ஆக மொத்தம், நிறத்தலைப் பழுப்புத்தலை! பெயர் வைத்தவர் மதராஸ் மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன். 1840-இல், மதராஸில் அச்சான ஓர் இதழில். அவர் அதைச் சேர்த்த பேரினம் லாரஸ். கிரேக்கர்கள் ஏதோ ஒரு பெருந்தீனிக் கடற்பறவையை அழைத்த சொல். 2005-இல் வந்த ஒரு டி.என்.ஏ. ஆய்வுக்குப் பிறகு லாரஸ் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்து, இது குரோயிகோசெபாலஸ் வீட்டுக்குப் போனது. ‘பழுப்புத்தலை’ என்பது மட்டும் கூடவே வந்தது.

அப்புறம் தேடலை நிறுத்த முடியவில்லை. ஐரோப்பாவிலும் இருக்கிற, நம் பக்கமும் வரும் ஒன்றை ஆங்கிலத்தில் கருந்தலைக் கடற்காகம் என்கிறார்கள். கோடையில் அதன் தலை சாக்லேட் பழுப்பு, கருப்பே இல்லை. அறிவியல் பெயரோ ரிடிபண்டஸ், ‘சிரிப்பது’. அமெரிக்காவில் ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குத்தான் சிரிக்கும் கடற்காகம் என்று பெயர். அதன் தலை நிஜமாகவே கருப்பு. அறிவியல் பெயர் அட்ரிசில்லா, ‘கருவாலன்’. வளர்ந்த பறவையின் வாலோ வெள்ளை வெளேர்!

இந்தச் சிக்கலுக்குக் காரணம் நம் வாலாட்டிக்குருவி என்றால் நம்புவீர்களா? அதன் பேரினப் பெயர் மோட்டாசில்லா. ‘அசைந்துகொண்டே இருக்கும் சின்னது’ என்பதுதான் பொருள். கடைசியில் உள்ள ‘சில்லா’ வெறும் விகுதி. ஆனால் வாலை ஆட்டுகிற பறவையாயிற்றே, ‘சில்லா’ என்றால் வால்தான் என்று யாரோ எப்போதோ பிரித்துப் படித்துவிட்டார்கள். லத்தீனில் இல்லாத ஒரு வால் அப்படி முளைத்தது. 1758-இல், இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் அதை எடுத்து இந்தக் கடற்காகத்துக்கு ஒட்டினார். அவர் எழுத நினைத்தது ‘கருமுடி’ என்னும் அட்ரிகாப்பில்லாவாக இருக்கலாம் என்றும் சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும் திருத்த முடியாது. பொருந்தாத பொருள் என்பதற்காக ஒரு பெயரைத் தள்ளக்கூடாது என்று விலங்கியல் பெயர் விதிகளில் 18-ஆவது பிரிவே இருக்கிறது. ஒரே சொல்லை இரண்டு முறை சொல்வதையும் அதே பிரிவுதான் அனுமதிக்கிறது. பழவேற்காட்டுக்கே வரும் பெரிய கருந்தலைக் கடற்காகத்தின் பெயர் இக்தியேட்டஸ் இக்தியேட்டஸ். மீன்கழுகு மீன்கழுகு. அது கழுகும் இல்லை.

இதிலெல்லாம் எனக்குப் பிடித்தது ஸீமா. ஆர்க்டிக்கின் ஒரு சின்னக் கடற்காகத்துக்கு 1819-இல் ஆங்கிலேய விலங்கியலாளர் வில்லியம் லீச் வைத்த பேரினப் பெயர். அர்த்தம்? ஒன்றுமே இல்லை, சும்மா உண்டாக்கிய சொல். இந்த லீச் பலே ஆள். கரோலின் என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துக் கலைத்துப் போட்டு நெரோசிலா, கொனிலேரா என்று கடலில் வாழும், இறால்-நண்டு வகையைச் சேர்ந்த சிற்றுயிர்களுக்குப் பெயர் வைத்தவர். யார் அந்தக் கரோலின், கடவுளுக்கே வெளிச்சம்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் உண்டு. “கடற்காகம் தப்பான பெயர், அது காக்கை இனமே இல்லை, அறிவியல்பூர்வமாகப் புதுப் பெயர் வேண்டும்” என்று அடிக்கடி யாராவது பஞ்சாயத்துக்கு வருகிறார்கள். அறிவியல் பெயர் ஒரு முகவரி, அவ்வளவுதான். காந்தி தெருவில் காந்தியைத் தேடலாமா? உலகமெங்கும் ஒரே பறவைக்கு ஒரே பெயர் இருந்தால் போதும், வேலை நடக்கும். அந்த அறிஞர்களே ஊர்ப் பெயரைக் கேட்டு எடுத்திருக்கிறார்கள். ரிஸ்ஸா என்ற கடற்காகப் பேரினப் பெயர் ஐஸ்லாந்துக்காரர்களின் சொல்லிலிருந்து வந்தது, இன்னொரு கடற்காகத்தின் இனப் பெயரான பிபிக்ஸ்கான் மெக்சிகோவின் நவாட்டல் மொழிச் சொல்.

இன்னொன்று சொல்லட்டுமா? கடற்காகங்களிலேயே மிகச் சிறியதன் பேரினப் பெயர் ஹைட்ரோகொலோயஸ். ‘ஹைட்ரோ’ நீர். ‘கொலோயோஸ்’ என்பது கிரேக்கத்தில் சவ்வுக்கால் பறவை ஒன்றுக்கும் பெயர், காக்கைக் குடும்பத்துக் குட்டிப் பறவை ஒன்றுக்கும் பெயர். நீர்க்காக்கை! படகோட்டி அண்ணன் அன்றைக்கு “கடக்காக்கா” என்றபோது அவரைத் திருத்தப் போனேன். நல்லவேளை, இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.