சுனாமிக்குக் காரணம் அணுகுண்டு இல்லை

மேலே ஒரு அண்ணன், 2004 சுனாமி தானாக வந்ததில்லை, கடலுக்கடியில் அணுகுண்டு சோதனை செய்ததால் வந்தது என்று எழுதியிருக்கிறார். கோபப்படாதீங்கண்ணே, அது சரியில்லை.

காசிமேட்டில் எங்கள் கேரம் கிளப்பிலும் ஒருவன் இதையேதான் சொன்னான். எதிரே ஸ்டிரைக்கரைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அந்த அலையில் அக்காவைப் பறிகொடுத்தவன். பால்வாடியிலிருந்து சேர்ந்து திரிந்தவர்கள், இப்போது ஒரே டீக்கடையில் ஆளுக்கொரு பக்கம் நிற்கிறார்கள்.

விஷயம் இதுதான். சுனாமி வந்த அன்று காலை நம்ம நேரம் ஏறக்குறைய 6.29க்கு சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் 9.1 அளவில் நிலநடுக்கம் வந்தது, கடலடிப் பாறை அங்கிருந்து அந்தமான் பக்கம் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் பிளந்தது, இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் அலை சென்னைக்கு வந்தது. குண்டு ஒரே இடத்தில்தானே வெடிக்கும்? 1971இல் அமெரிக்கா அம்சிட்கா தீவில் பூமிக்கடியில் வெடித்த பெரிய குண்டே நிலநடுக்க அளவில் 7ஐ ஒட்டித்தான் பதிவானது. ஒரு எண் கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு எண்ணுக்கு ஆயிரம் மடங்கு, கணக்கு போட்டுப் பாருங்கள்.

நம்பவில்லையா, சரி. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் இணையதளத்தில் நிலநடுக்கத் தேடல் இருக்கிறது, காசு கிடையாது, போனிலேயே திறக்கும். 2004 டிசம்பர் 26லிருந்து ஒரு வாரம் தேதி கொடுத்து வரைபடத்தைத் திறங்கள். பின்னதிர்வுகள் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை புள்ளிக்கோலம் மாதிரி வரிசையாக நிற்கும்.