மாயன் நாட்காட்டியில் லீப் நாள் கிடையாது
ஆங்கில நாட்காட்டியை விட மாயன் நாட்காட்டி துல்லியமானது என்று கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. மத்திய அமெரிக்காவின் பழங்குடி மக்களான மாயன்களின் ஹாப் ஆண்டு என்பது 20 நாள் கொண்ட 18 மாதங்கள், கடைசியில் வயெப் என்ற 5 நாள், ஆக 365 தான். லீப் நாள் சேர்க்காததால் நான்கு ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் பருவத்தை விட்டு நகர்ந்துகொண்டே போகும். போப் 13-ஆம் கிரகோரி 1582 அக்டோபரில் ஐரோப்பிய நாட்காட்டியிலிருந்து 10 நாளை வெட்டியதே இந்த மாதிரி நகர்வைச் சரிசெய்யத்தான். மாயன்களின் அழகு வேறு இடத்தில் இருக்கிறது. சோல்கின் என்ற 260 நாள் சுற்றும் 365 நாள் ஹாப்பும் இரண்டு பல்சக்கரம் போல இணைந்து ஓடும், இரண்டிலும் அதே நாள் மறுபடி சேர்ந்து வர 18,980 நாள், கிட்டத்தட்ட 52 ஆண்டு ஆகும். அப்புறம், குவாத்தமாலா மலை ஊர்களில் மாயன் இனத்தைச் சேர்ந்த கிச்சே மக்கள் அந்த 260 நாளை இன்றும் எண்ணி வருகிறார்கள், அதைப் பற்றி இரண்டு வரியாவது எழுதியிருக்கலாம்.